காது கேட்காத பக்கம்

பிப்ரவரி 3

அருமைத் தம்பிக்கு,

நலம்தான். நலமில்லை என்று நீதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

போன் மேல் போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். போன வாரம் பேசும்போது ஒரு வார்த்தை விட்டாயே, "உனக்கும் அப்பா மாதிரி கை ஆட ஆரம்பிச்சிடுச்சுக்கா" என்று, அதை நீ திரும்ப எடுத்துக்கொள்கிற வரைக்கும் நமக்குள் தபால்தான். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று உடனே முடிவு கட்டாதே. பள்ளிக்கூடம் போன கொஞ்ச நாளிலும் என் எழுத்து இப்படித்தான். எறும்பு மையில் விழுந்து நடந்துபோன மாதிரி இருக்கிறது என்று வாத்தியார் சொன்னதற்கு, எறும்புக்கும் படிக்க ஆசை இருக்காதா என்று கேட்டு அடி வாங்கியவள் நான்.

நடந்ததை நீ பல் டாக்டர் வாயால் கேட்டுவிட்டாய். என் வாயாலும் கேள்.

ஞாயிறு காலை வழக்கம்போல் செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் நம் மைதானத்துக்குப் போனேன். உன் பொம்மையைக் கிளப்பினேன். மாடல் ஹெலிகாப்டர் என்றுதான் சொல்ல வேண்டும், பொம்மை என்றால் உனக்கு மூக்கு சிவக்கும், தெரியும். சிவக்கட்டும். பொம்மை நன்றாகத்தான் ஏறியது. மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. சூளைப் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான், செவிடாகிவிட்டது. வலது என்றேன், கேட்கவில்லை. இறங்கு என்றேன், கேட்கவில்லை. மேல் இறக்கை தானாக ஓய்ந்து, கல் மாதிரி முள்செடிக்குள் விழுந்தது. ஹெலிகாப்டர் மன்றத்துக்காரர்களின் கார்கள் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி.

பல் டாக்டர் ஓடி வந்தார். மன்றத் தலைவர் அல்லவா, முதலில் ரிமோட்டை வாங்கினார், அப்புறம் என் கையை வாங்கினார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லம்மா, வயசானா இதெல்லாம் சகஜம்" என்றார். அவர் என்னைவிடப் பெரியவர், தம்பி. மைக்கு அடியில் தலை நரைத்திருப்பது எனக்குத் தெரியாதா? இனி மரத்தடியில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைப்பாராம். நான் உட்கார்ந்து மற்றவர்கள் விடுவதைப் பார்க்கலாமாம்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பாவம் பார்த்தார்கள். அதுதான் பொறுக்கவில்லை. அப்பா எழுதின நம்பர் பிளேட்டில் இருப்பது மூன்றா எட்டா என்று ஒரு போலீஸ்காரர் கேட்ட அன்று அவருக்கும் இப்படித்தான் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டோம். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

என் கை ஆடவில்லை. சிக்னல்தான் போனது. என் விரல் சொன்னது அதன் காதில் விழவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கப் போகிறேன். உடைந்த இறக்கைக்கும் காலுக்கும் உன் டப்பாவில் மாற்று இருந்தது, மாட்டிவிட்டேன். உள்ளே ஒயர்களுக்கு நான் தைத்துப்போட்ட பளபளச் சட்டையில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. நீ அவற்றை அம்மணமாக விட்டுவிட்டுப் போனாய், தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டு கிடந்தன. உன் வேலையில் இல்லாத நேர்த்தி என் தையலில் உண்டு, ஒப்புக்கொள்.

இப்படிக்கு,
போனை எடுக்காத அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். எறும்பு வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். என் அக்கா எனக்கு எதிராக வழக்குப் போட்டிருக்கிறாள் என்றேன்.

கோபப்படாமல் படி. கீழே விழுந்த எல்லோரும் சொல்வது சிக்னல் போய்விட்டது என்பதுதான். நானும் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அது பொய், அல்லது ஆசை. நான் சுரங்க வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்கூட தூரச் சோதனை செய்து பார்த்தேன். நன்றாகக் கேட்டது.

போன முறை வந்திருந்தபோது நீ ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்தேன். திரும்பத் திரும்பத் தவறியது. நீ ஏதோ சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அதைத்தான் போனில் சொன்னேன். சொன்ன விதம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். சொன்னது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அது பொம்மை இல்லை, அக்கா. அந்த இறக்கை சுற்றுகிற வேகத்தில் யார் முகத்திலாவது பட்டிருந்தால்? டாக்டருக்கு எழுதிவிட்டேன். அவர் வந்து வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொள்வார்.

அதற்கு முன் உன் திருப்திக்காக இவற்றைப் பார்த்துவிடு. ரிசீவரில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. பறக்கும்போது மின்சாரம் நடுவில் விட்டுப்போயிருந்தால், விழுந்த பிறகு அது சிமிட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம், வால் இறக்கையை ஒரு ரப்பர் பெல்ட் சுற்றுகிறது அல்லவா, காற்று காய்ந்திருக்கும் நாளில் அது உரசி உரசி மின்சாரம் சேர்த்து ரிசீவரைக் குழப்பும். வால் குழாயையும் மோட்டாரையும் ஒரு ஒயரால் இணைத்தால் சரியாகிவிடும். கடைசியாக தூரச் சோதனை. நம்பிக்கை ஊட்ட எழுதவில்லை. பார்த்துவிட்டு நீயே ஒத்துக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 20

அருமைத் தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆள் வந்தார். கையில் உன் கடிதம், முகத்தில் துக்கம் விசாரிக்கிற களை. நான் கடிதத்தை வாங்கி மடித்து அவர் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தேன். "தம்பி சின்னப் பையன் டாக்டர், தெரியாம எழுதிட்டான்" என்றேன். உனக்கு வழுக்கை விழுந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரே பேச்சில் துரத்திவிடலாம். கடைசியில் இப்படி முடிவானது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு நான் மன்றத்தார் முன்னால் ஒரு தரம் பறக்கவிட வேண்டும். ஒழுங்காக விட்டால் பொம்மை என் கையில். தவறினால் பொம்மை அவர் அலமாரிக்கு, நான் நாற்காலிக்கு.

நீ சொன்னதை எல்லாம் பார்த்தேன். விழுந்த அன்று முள்ளுக்குள் கையை விட்டு எடுத்தவள் நான். ரிசீவர் விளக்கு சாதுவாக எரிந்துகொண்டிருந்தது, சிமிட்டவில்லை. அதனால் மின்சாரம் போகவில்லை. ஒயர் சுற்றி இணைத்தாயிற்று. பெல்ட்டைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம் தூரச் சோதனைக்கு உன் மச்சானைக் கூட்டிக்கொண்டு என் சீட் கவர் கடைக்குப் பின்னால் போனேன். நீ வைக்கிற மாதிரியே முக்காலி மேல் வால் என் பக்கம் இருக்கும்படி வைத்தேன். ரிமோட்டில் அந்தப் பொத்தானை அமுக்கி அதன் சத்தத்தை, அதாவது சிக்னலை, குறைத்துக்கொண்டு, குச்சிகளை ஆட்டியபடியே பின்னால் நடந்தேன். உன் மச்சான் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று "ஆடுது, ஆடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுவர் வந்து முதுகில் முட்டும் வரை ஆடியது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதற்கு அவர் இத்தனை முறை பதில் சொன்னதே இல்லை.

ஆக, குறை ஒன்றும் கிடைக்கவில்லை. நீ சந்தோஷப்படாதே. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். அது கண். வெள்ளெழுத்து. இந்த உறைக்குள் ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன், ஸ்கூட்டர் சீட்டுக்குப் போடுகிற ஓரத்தையல். நேற்று சாயங்காலம் தைத்தது. ஸ்கேல் வைத்துப் பார்.

உன் மச்சானுக்கும் ஒன்று தைத்தேன். அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் முன் கண்ணாடி ஓரம் போனை வைத்து வைத்து, அது சூடேறி அணைந்துவிடுகிறது. மூடிபோட்ட ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறேன், பளபளவென்று. மாப்பிள்ளை மாதிரி சட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறார்.

இப்படிக்கு,
இன்னும் எடுக்காத அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

துணி கிடைத்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது.

நேராக இருந்தும் நிம்மதி வரவில்லை, அக்கா. அப்பா கடைசியாக எழுதின பிளேட்டையும் ஸ்கேல் வைத்துத்தான் எழுதினார். ஓரமெல்லாம் நேராக இருந்தது. தையல் மிஷினும் ஒரு ஸ்கேல்தானே. இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிட்டேன். நீ கிழித்துப்போட்டாலும் போடு.

இங்கே சுரங்க வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வெளியே வந்ததும் கிடைக்கும். நீ எடுக்காததால் மச்சானுக்கு அடிக்கிறேன். பத்து நாளாக அவரும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். எந்த நேரம் அடித்தாலும் இதே பதில். அவரையும் உன் கட்சியில் சேர்த்துவிட்டாயா? உங்கள் வீட்டில் எல்லோரும் என்னோடு பேச்சை நிறுத்துவது என்றால் சொல்லிவிடு, நான் சுரங்கத்துக்குள்ளேயே குடியிருந்துகொள்கிறேன்.

அந்த ஞாயிறு வேண்டாம். சொன்னால் கேள்.

உன் தம்பி


மார்ச் 8

அருமைத் தம்பிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. இந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை, நீயே குதித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் பெரிய ரகளை. பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் வேன் எங்கே, வேன் எங்கே என்று அடித்து அடித்துக் களைத்து, பள்ளிக்கூடத்தில் போய்ப் புகார் சொல்லிவிட்டார்கள். உன் மச்சான் போனை அணைத்துவிட்டு எங்கோ படுத்துத் தூங்குகிறாராம். அவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், போன் அடிக்கவே இல்லை என்று. கடிதத்தில் நீயும் அதையே எழுதியிருக்கிறாய். சரி என்று நான் என் போனிலிருந்து அவருக்கு அடித்தேன். எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார், போனில் ஒரு பெண் அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்கிறாள். "அது எனக்கு எப்பவோ தெரியும்" என்று அவளுக்குப் பதில் சொன்னேன்.

அப்புறம்தான் பொறி தட்டியது. பையிலிருந்து போனை எடுத்தேன், அடித்தது. உள்ளே போட்டு மூடினேன், செத்தது. எடுத்தேன், அடித்தது. கார் எஞ்சின் மூடிக்கு அடியில் சூடு தாங்க வைக்கிறோமே, உலோகம் பூசின வெள்ளித்துணி, அதில் தைத்த பை. சூட்டை விடாத துணி சிக்னலையும் விடவில்லை. பொம்மை விழுவதற்கு முந்தின நாள் அந்தத் துணிச்சுருளில் முதல் துண்டை வெட்டி நான் யாருக்குச் சட்டை தைத்தேன்?

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம். பொம்மையை முக்காலியில் வைத்து, ரிமோட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். வால் என் பக்கம் இருந்தபோது ஆடியது. இந்த முறை முக்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொன்னேன். "ஆடுது" என்றார், "ஆடுது" என்றார், இடது விலா என் பக்கம் வந்ததும், "ஆடல" என்றார். இன்னும் திருப்பினார், மறுபடி ஆடியது. ரிசீவரையும் சேர்த்து மூடிய சட்டையின் திறந்த வாய் வலப்பக்கம், இரட்டையாக மடித்துத் தைத்தது இடப்பக்கம். சூளையை நோக்கித் திருப்பினால் அந்த இடது விலாதான் எனக்குத் தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தோம், எல்லாப் பக்கமும் கேட்டது. "இது எவ்வளவோ தேவல. எனக்கு எந்தப் பக்கமும் கேக்காதுன்னுதான நீ சொல்லுவ" என்றார் உன் மச்சான்.

நேரே பல் டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். நான் அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல், "நீங்க எதுக்கும்மா உங்களையே குத்தம் சொல்லிக்கிறீங்க? வயசு, யாருக்கும் வர்றதுதான்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "வயசு மேல பழியப் போடாதீங்க டாக்டர். இது நான் கஷ்டப்பட்டுத் தச்ச தப்பு" என்றேன். வாயைப் பிளந்திருந்தவர் தலையாட்டினார். அவர் என் கட்சி.

இனி எழுதுவது உனக்கு மட்டும்.

சாயங்காலமானால் என் இடது கட்டைவிரல் ஆடுகிறது, தம்பி. நீ ஊசியில் பார்த்தது பொய்யில்லை. வெள்ளெழுத்து என்று நான் எழுதியதுதான் பொய். ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கூடுகிறதா என்று பார்க்கலாம் என்கிறார்கள். பார்ப்போம். சிக்னல் போனதும் நிஜம், விரல் ஆடுவதும் நிஜம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை நான் மறைக்கவில்லை. நீயும் ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்காதே. அப்பா உட்கார்ந்தது விரல் ஆடியதால் இல்லை. நாம் நாற்காலியைப் போட்டதால்.

நான் உட்காரப் போவதில்லை. மார்ச் கடைசி ஞாயிறு பறக்கவிடப் போகிறேன். உனக்கு வேலை வேண்டுமென்றால், இந்த விரலுக்கு ஒரு வழி சொல். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுவாய் என்றால் தபால்தலையை மிச்சப்படுத்து.

இப்படிக்கு,
தப்பு செய்த அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த வார்த்தையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "கை ஆடுது" என்பது அப்படியே இருக்கட்டும், நீயே சொல்லிவிட்டாய். "அப்பா மாதிரி" என்பதை எடுத்துக்கொண்டேன். டாக்டருக்கும் எழுதிவிட்டேன், அலமாரியைப் பூட்டிக்கொள்ளச் சொல்லி.

என் பங்கும் இருக்கிறது. நான் எப்போதும் வால் என் பக்கம் வைத்தே சோதித்தேன். அப்படி வைத்தால் அதன் வலது என் வலதாக இருக்கும், குழப்பம் இருக்காது. ஒரு பக்கம் கேட்டால் எல்லாப் பக்கமும் கேட்கும் என்று நினைத்துவிட்டேன். ஆன்டெனா ஒயர் இரண்டில் ஒன்றை அழகுக்காகக் கார்பன் தகட்டுக்குப் பின்னால் ஒளித்ததும் நான்தான். அந்தத் தகடும் சிக்னலை மறைக்கும். அதை வெளியே இழுத்து, ஒன்று நின்றால் மற்றது படுத்திருக்கிற மாதிரி குறுக்காக வை.

இப்போது விரலுக்கு. குச்சியைக் கட்டைவிரல் நுனியால் மட்டும் தள்ளாதே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடி. ஒன்று ஆடினால் மற்றது தாங்கும். ரிமோட்டைக் கையில் ஏந்தாமல் கழுத்துப் பட்டையில் ஒரு தட்டு மாதிரி தொங்கவிட்டு, மணிக்கட்டை அதன் மேல் ஊன்றிக்கொள். பட்டை தைப்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளித்துணி மட்டும் வேண்டாம்.

ரிமோட்டுக்குள் ஒரு அமைப்பும் இருக்கிறது. மச்சானை விட்டுத் திரையில் பார்க்கச் சொல், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தனித்தாளில் வரைந்திருக்கிறேன். அதை ஏற்றினால், குச்சி நடுவில் லேசாக அசைவதை ஹெலிகாப்டர் கண்டுகொள்ளாது. அழுத்திச் சொன்னால் மட்டும் கேட்கும். கொஞ்சமாக ஏற்று. ரொம்ப ஏற்றினால் சோம்பேறியாகிவிடும்.

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் விடு, உன் பொம்மையை.

உன் தம்பி


மார்ச் 29

அருமைத் தம்பிக்கு,

பொம்மை என்று நீயே எழுதிவிட்டாய். அந்த வரியை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த அமைப்பு தனக்கு ஏற்கனவே இருக்கிறதாம், லேசாகச் சொன்னால் கண்டுகொள்ளாதாம், அழுத்திச் சொன்னால் கேட்குமாம். பிறவியிலேயே அப்படியாம்.

இன்று மைதானத்தில் மரத்தடியில் எனக்காக நாற்காலி போட்டிருந்தார்கள். பூப்போட்ட மெத்தைகூட வைத்திருந்தார் டாக்டர், பாவம், தையல் மோசம். எல்லோரும் நான் எங்கே நிற்கப் போகிறேன் என்று பார்த்தார்கள். நான் நாற்காலியை இழுத்து வெயிலில் போட்டேன். மெத்தையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தேன். பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தேன். உன் மச்சான் நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் திருப்ப, நான் தள்ளி நின்று நாலு பக்கமும் பேசிப் பார்த்தேன். நாலு பக்கமும் கேட்டது. இதைப் பார்த்துவிட்டு டாக்டரும் தன் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து வைத்துத் திருப்பிப் பார்த்தார். அவருடையதும் எல்லாப் பக்கமும் கேட்டது. முகத்தில் அப்படியொரு பெருமை. இருக்கட்டும்.

கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டேன். கறுப்பு ரெக்சின், சிவப்பு ஓரம். கிளப்பினேன். ஒரு வட்டம் போட்டேன். சூளைப் பக்கம் திருப்பினேன். யாரோ கார்களுக்குப் பின்னால் போய் ஒதுங்கினார்கள். இடது விலாவை எனக்குக் காட்டியபடி, அன்று செவிடான அதே இடத்தில் அதை நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து விரல் ஆடியது. சாயங்காலம்கூட இல்லை, தம்பி, பட்டப்பகல். மாத்திரை போட்டும் ஆடியது. டாக்டர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். ரிமோட்டை வாங்கக் கையை நீட்டிவிட்டார்.

"கை ஆடுதேம்மா" என்றார், யாருக்கும் கேட்காமல்.

"ஆடட்டும் டாக்டர். அது ஆடுதான்னு பாருங்க" என்றேன்.

அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஆணியில் மாட்டினது போல் நின்றது. அவர் நீட்டின கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார். பிறகு நான் சொன்ன இடத்தில் அதை இறக்கினேன். இறக்கும்போது கொஞ்சம் தத்தியது. அது விரலா காற்றா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ஏன் சொல்ல வேண்டும்?

மன்றத்தின் முடிவு என்ன என்பாய். அடுத்த ஞாயிறு பறப்பவர்கள் வரிசையைப் பலகையில் எழுதும்போது டாக்டர் என்னைக் கேட்காமலேயே மூன்றாவதாக ‘சீட் கவர் அம்மா’ என்று எழுதினார். நாற்காலி வெயிலிலேயே கிடக்கிறது. இனி அதில் பொம்மைதான் உட்காரும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலம் போன் அடி. எடுக்கிறேன். நீ பாதி வார்த்தையைத்தான் திரும்ப எடுத்தாய், பரவாயில்லை, மீதிப் பாதி உண்மைதான். விரல் ஆடுகிற நேரம் அது. பேசும்போது டொக் டொக்கென்று ஏதாவது கேட்டால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடாதே. நான்தான். பேசிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உட்காராத அக்கா